முதல் கேமரா: 30,000 ரூபாய்க்குள் வாங்குவதும் அதில் நல்ல படம் எடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டுடியோ வைத்திருப்பவன் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் கேட்பார்: "தம்பி, ஒரு கேமரா வாங்கணும், எது நல்லது?" பதில் சொல்லி முடிப்பதற்குள் மோர் வந்துவிடும். அப்படி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். சொந்த ஆசைக்குப் படம் எடுப்பவர்களுக்கானது இது; தொழிலுக்கு வாங்குகிறவர்களின் கணக்கு வேறு.

போனிலேயே இவ்வளவு நல்லா வருதே, தனியா கேமரா எதுக்கு?

கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவையில்லை. எடுத்ததை ஸ்டேட்டஸில் போடுவதோடு சரி என்றால், அந்தக் காசில் இப்போதிருப்பதைவிட நல்ல போனாக வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரிக் காட்சியிலும் எதிர்வெயிலிலும் போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கிச் சரிசெய்து கொடுத்துவிடுகிறது. ஆரம்பநிலை கேமரா இதையெல்லாம் தானாகச் செய்யாது. ஆட்டோவில் வைத்து அழுத்தினால் போன் படமே மேல் என்று தோன்றும்.

கேமரா ஜெயிக்கும் இடங்கள் உண்டு. வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தை. பள்ளி ஆண்டுவிழா மேடையில் பிள்ளை, நீங்களோ கடைசி வரிசையில். சுருட்டைமுடிக்காரரின் பின்னணியை மங்கலாக்குவது (போனின் போர்ட்ரெய்ட் மோட் முடியில் பாதியைக் கத்தரித்துவிடும்). சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட். இத்தனைக்கும் காரணம் சென்சாரின் (லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லு) அளவுதான். நடுத்தர விலை போன்களின் மெயின் கேமரா சென்சார் ஏறக்குறைய 6.4 × 4.8 மி.மீ. நிக்கான், சோனியின் ஆரம்பநிலை கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், பரப்பில் பத்து மடங்குக்கும் மேல். வெளிச்சம் குறையக் குறைய இந்த வித்தியாசம் படத்தில் தெரியும்.

ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்கு 48 மெகாபிக்சல், 4கே கேமரா வருதே?

வாங்காதீர்கள். பெயர் தெரியாத கம்பெனி, அட்டைப்பெட்டியில் பெரிய பெரிய எண்கள். உள்ளே இருப்பது சின்னஞ்சிறு சென்சார். அது எடுக்கும் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கித்தான் 48 மெகாபிக்சல் என்று காட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு ஃபோகஸே நகராது. உங்கள் பழைய போன் இதைவிட நன்றாக எடுக்கும். பத்து வயதுப் பிள்ளை விளையாட என்றால் சரி.

30,000 ரூபாய் வைத்திருக்கிறேன். புதுசா, செகண்ட் ஹேண்டா?

செகண்ட் ஹேண்ட். யோசிக்கவே வேண்டாம்.

டிஎஸ்எல்ஆரை (உள்ளே ஒரு கண்ணாடி வைத்து லென்ஸ் வழியே காட்சியைக் காட்டும் கேமரா) விட்டுவிட்டு எல்லோரும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போகிற காலம் இது. நல்ல நிலையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர்களைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுகிறார்கள். 2017-இல் நல்ல படம் எடுத்த கேமரா இன்றும் அதே படத்தைத்தான் எடுக்கும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. புது கேமராவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு (2018 வரை 28 சதவீதமாக இருந்தது). புதுசு வாங்கினால் பட்ஜெட், பாடியோடும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) அதோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடும் முடிந்துவிடும். பழசு வாங்கினால் ஒரு நல்ல லென்ஸுக்குக் காசு மிஞ்சும். படத்தின் தரத்தைத் தூக்குவது அந்த இரண்டாவது லென்ஸ்தான். நான் சொல்லும் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், இதற்குத்தான் அதிகம் எதிர்ப்பும் வருகிறது. "பழசா?" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, எந்த மாடல் என்று பெயர் சொல்லுங்கள்.

முதல் தேர்வு கேனான் 200டி. 2017-இல் வந்தது, 24.2 மெகாபிக்சல், கார்டு பேட்டரி சேர்த்து அரைக் கிலோவுக்கும் குறைவு. திரையைத் திருப்பி, தொட்ட இடத்தில் ஃபோகஸ் செய்யலாம். போனில் பழகியவர்களுக்கு இது பெரிய உதவி. திரையைப் பார்த்துப் படம் எடுக்கும்போதும் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும். இதே கேனானின் 1500டி 2018-இல் வந்தது, ஆனாலும் திரையில் பார்த்து எடுத்தால் அதன் ஃபோகஸ் தடவிக்கொண்டிருக்கும். 3000டி பக்கம் போகவே வேண்டாம். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக்.

விற்பவர்களே பலரும் கவனிக்காத ஒன்று சொல்கிறேன். கேமராவின் தலைமேல் ஃப்ளாஷ் செருகும் இடத்தைப் பாருங்கள். 200டியில் நடுவே ஒரு பெரிய உலோகப் புள்ளி இருக்கும். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அந்தப் புள்ளியைக் கேனான் எடுத்துவிட்டது. எந்த கேமராவுக்கும் பொதுவான மலிவு விலை ஃப்ளாஷ்களை அவற்றில் மாட்டினால் எரியாது. பின்னால் ஃப்ளாஷ் வாங்கும் எண்ணம் இருந்தால் 'புதுசு'தானே என்று மார்க் 2-வுக்குத் தாவும் முன் இதை யோசியுங்கள்.

இரண்டாவது நிக்கான் டி3500. 2018 மாடல், 24.2 மெகாபிக்சல், பேட்டரி ஒரு தடவை சார்ஜ் போட்டால் 1,550 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஊருக்குப் போனால் சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். தொடுதிரை இல்லை, மைக் செருக இடமில்லை. படம் மட்டும் எடுப்பவருக்கு இது போதும். டி3400-ம் ஏறக்குறைய இதேதான்.

நிக்கானில் ஒரு கண்ணி உண்டு. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருக வேண்டும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் டி3200 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸ் ஆகாது.

மிரர்லெஸ்தான் இனி எல்லாமேன்னு சொல்றாங்களே?

உண்மைதான். புதுசாக வரும் கேமரா எல்லாம் மிரர்லெஸ்தான். ஆனால் இந்த பட்ஜெட்டில் கிடைப்பவை இரண்டே. சோனி ஏ6000 (2014) இன்னும் அருமையான கேமரா, ஃபோகஸ் வேகம் டிஎஸ்எல்ஆர்களைத் தூக்கிச் சாப்பிடும்; பேட்டரி சீக்கிரம் இறங்கும், சோனி லென்ஸ்கள் விலை கடிக்கும். கேனான் எம்50 (2018) கையடக்கமானது, ஆனால் அந்த எம் வரிசையையே கேனான் கைவிட்டுவிட்டது. அடாப்டர் போட்டு டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களை மாட்டலாம் என்பது ஆறுதல். வீடியோதான் முதல் வேலை என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து சோனி இசட்வி-இ10 பாருங்கள். 200டியிலும் டி3500-லும் 4கே கிடையாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பகலில் போங்கள். உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். போனில் டார்ச் இருக்கும், அது போதும்.

முதலில் லென்ஸ். கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச்சை அடித்து முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். சில தூசிப் புள்ளிகள் தெரியும். அவற்றால் கெடுதல் இல்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி கிளைகிளையாகப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். "துடைச்சா போயிடும் சார்" என்பார்கள். அது உள் கண்ணாடியில் இருக்கிறது, துடைக்கக் கை போகாது. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கண்ணாடி பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தாலும் அதே பதில்.

அடுத்து சென்சார். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் வாய் திறக்கும் அளவை, எஃப்/16-இல் வைத்து (எண் கூடினால் வாய் சுருங்கும்), ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை நகர்த்துங்கள். மங்கலான வட்டப் புள்ளிகள் தூசி, சுத்தம் செய்தால் போகும். கூர்மையான கோடு தெரிந்தால் கீறல், போகாது. லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓவை (வந்த ஒளியைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டும் என்ற அளவு) 1600-இல் வைத்து ஒரு கறுப்புப் படமும் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையுமாக மின்னும் புள்ளி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, கொத்தாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு ஸ்க்ரூக்கள். அடிப்பக்க ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பிடிமான ரப்பர் உப்பி, பிசுபிசுவென்று இருக்கிறதா? பேட்டரி மூடி, கார்டு மூடி சரியாகப் பூட்டுகிறதா? கூடவே இருக்கும் ஃப்ளாஷ் எழும்பி எரிகிறதா? ஜூமை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருகி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுவரொட்டியைப் படம் எடுத்து எழுத்து கூர்மையாக வருகிறதா என்று பாருங்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக இருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது.

கடைசியாக பில். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பாடியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில் இல்லாத கேமரா எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது யாருடைய கேமரா என்று உங்களுக்குத் தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டோ பர்மா பஜாரோ, புதுசு என்று விற்கும் இடத்திலும் பில்லையும் இந்திய வாரண்டி கார்டையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த சரக்கு என்றால் இங்கே கம்பெனி வாரண்டி கிடைக்காது.

ஷட்டர் கவுன்ட் எவ்வளவு இருக்கலாம்?

ஷட்டர் என்பது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு; அது இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதுதான் ஷட்டர் கவுன்ட். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 1,00,000 கிளிக். 20,000-க்குள் இருந்தால் சந்தோஷம், 50,000 இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். நிக்கான் படத்தின் கோப்பிலேயே இந்த எண் பதிவாகியிருக்கும், இணையத்தில் ஏற்றிப் பார்த்துவிடலாம். பெரும்பாலான கேனான் பாடிகளில் அப்படித் தெரியாது, கம்ப்யூட்டரில் இணைத்து அதற்கான மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். எண் குறைவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். பீரோவில் வருஷக்கணக்கில் தூங்கி ஃபங்கஸ் பிடித்த கேமராவுக்கும் எண் குறைவாகத்தான் இருக்கும்.

மெகாபிக்சல் கூடுதலா இருந்தா நல்லதுதானே?

பிரிண்ட் அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல பிரிண்டுக்கு ஓர் இஞ்சுக்கு 300 புள்ளி. ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி. 4 × 6 இஞ்ச் படத்துக்கு 2.2 மெகாபிக்சல் போதும். 8 × 12-க்கு 8.6. நம் ஊர் கல்யாண கரிஸ்மா ஆல்பத்தில் ஒரு பக்கம் 12 × 18 இஞ்ச், அதற்கு 19.4. ஆக 24 மெகாபிக்சல் கேமரா ஆல்பத்தின் முழுப் பக்கத்தையும் நிரப்பும். அதற்கு மேல் உங்களுக்கு எதற்கு?

கிட் லென்ஸ் போதுமா? எல்லோரும் 50 எம்எம் வாங்கச் சொல்றாங்க.

கூடவே வரும் 18-55 லென்ஸை (இந்த எம்எம் எண் கூடக் கூடக் காட்சி கிட்டே வரும்) மட்டமாகப் பேசுவது ஒரு ஃபேஷன். வெயிலில் அது நன்றாகவே எடுக்கும். வீட்டுக்குள் போனால்தான் திணறும். 55-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப்/5.6 அளவுதான் திறக்கும். 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஆடி வந்த படம் நிலையாக வருவதும், பின்னாலிருக்கும் ஃப்ரிட்ஜும் துணிக்கொடியும் கரைந்துபோவதும் இதனால்தான். கேனானின் 50 எம்எம் எஸ்டிஎம் புதுசே பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும், எடை 160 கிராம்.

ஆனால் வாங்கும் முன் உங்கள் வீட்டு ஹாலை அளந்து பாருங்கள். கேனான் ஏபிஎஸ்-சி பாடியில் 50 எம்எம் மாட்டி, பத்தடி தள்ளி நின்று, கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் படத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய நாலரை அடி உயரம். நிற்கிற ஆள் முழுசாக வரமாட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள். முகமும் இடுப்பளவும்தான் எடுப்பேன் என்றால் 50. வீட்டுக்குள் குழந்தை, சாப்பாடு, நாலு பேர் என்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றால் நிக்கான்காரர்கள் 35 எம்எம் எஃப்/1.8 டிஎக்ஸ் வாங்குங்கள், அதே பத்தடியில் ஆறரை அடி அடங்கும். கேனானில் அந்த இடத்துக்கு 24 எம்எம் எஃப்/2.8 இருக்கிறது. வெளிச்சம் விடுவதில் 50-க்குக் கீழேதான், ஆனால் அறை முழுவதும் வரும்.

கேமரா வாங்கியாச்சு. எந்த மோடில் வைக்கணும்?

'முழு மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராஃபர்' என்று யூடியூப்பில் சொல்வதைக் கேட்காதீர்கள். டயலைக் கேனானில் ஏவி, நிக்கானில் ஏ என்ற இடத்தில் வையுங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச அளவு 3200 அல்லது 6400 என்று கட்டிப்போடுங்கள். அபர்ச்சரை நீங்கள் தேர்ந்தெடுத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஒருவர் முகம் என்றால் எஃப்/2, இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பம் என்றால் எஃப்/5.6, மலை, கோபுரம் என்றால் எஃப்/8. எஃப்/11-க்கு மேல் போனால் இந்த சென்சாரில் கூர்மை குறைய ஆரம்பிக்கும்.

ஷட்டர் வேகத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். நிற்கும் ஆளுக்கு 1/125 நொடி, ஓடும் குழந்தைக்கு 1/250-க்குக் குறையக் கூடாது, பரதம் 1/500, சிலம்பம் 1/1000. வேகம் அதற்குக் கீழே போனால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். படத்தில் மணல் தூவின மாதிரி கொஞ்சம் நாய்ஸ் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆடிப்போன முகத்தை எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது.

இதற்கு ஒரு விலக்கு, மண்டபத்து எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்குப் பட்டை விழலாம், அல்லது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். அங்கே 1/100-க்கு வாருங்கள்.

வேட்டி சட்டை போட்டவரை எடுத்தா முகம் கறுத்துப்போகுது. கறுப்புக் கல் சிலை சாம்பலா வருது. கேமரா கோளாறா?

கோளாறு இல்லை, கேமராவின் கணக்கு அப்படி. தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது நினைத்துக்கொள்கிறது. படம் முழுக்க வெள்ளை வேட்டி சட்டை நிறைந்திருந்தால் "ரொம்ப வெளிச்சம்" என்று குறைத்துவிடும்; முகம் இருண்டுபோகும். எண்ணெய் ஏறிய கருங்கல் சிலையைப் பார்த்தால் "ரொம்ப இருட்டு" என்று ஏற்றிவிடும், கறுப்பு சாம்பலாகும்.

பிளஸ்-மைனஸ் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கிறதே, அதற்காகத்தான். நிக்கானில் ஷட்டர் பட்டன் பக்கத்திலேயே இருக்கும். கேனான் 200டியில் பின்பக்கம் ஏவி என்று எழுதியிருக்கும். அழுத்திக்கொண்டே டயலைச் சுற்றுங்கள். வெள்ளை நிறைந்த காட்சிக்கு +0.7 அல்லது +1. கருங்கல்லுக்கு –1. ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறவருக்கு +1.3 வரை போகலாம். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் எடுப்பதெல்லாம் வெளுத்துப்போயிருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முகத்தை வெளுப்பாக்குங்கள் என்று ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் பலர் கேட்கிறார்கள். போனின் பியூட்டி மோட் கேட்காமலே செய்துவிடுகிறது. கறுத்த முகத்தின் அழகு அதில் விழும் ஒளியின் பளபளப்பில் இருக்கிறது, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சம்) ஏற்றி அதைக் கொன்றுவிடாதீர்கள். ஜன்னல் மாதிரி அகலமான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வரவிடுங்கள். கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் ஒரு மினுக்கம் ஓடும். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம், மரக்கதவோ நிழலான வராந்தாவோ இருக்கட்டும். கறுப்பானவரும் சிவப்பானவரும் சேர்ந்து நின்றால், கறுப்பானவரை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டு முகமும் தன் நிறத்தில் வரும், ஒருவரையும் மாற்ற வேண்டியதில்லை.

வீட்டுக்குள் எடுத்தா எல்லாம் மஞ்சளா, பச்சையா வருதே?

டியூப்லைட், மஞ்சள் பல்பு, ஜன்னல் மூன்றும் மூன்று நிறம். கேமரா யாருக்கென்று வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) போடும்? பகலாக இருந்தால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னலோரம் வாருங்கள். இருட்டாகிவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் எஃப்/1.8 லென்ஸுக்கு அது தாராளம். ஆளை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தாமல் முக்கால்வாசி திருப்பி உட்கார வையுங்கள்.

கேமராவோடு வரும் ஃப்ளாஷை முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். நெற்றி எண்ணெய் வழியும், பின்னால் சுவரில் கறுப்பு நிழல் நிற்கும். தனி ஃப்ளாஷ் இருந்தால் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்து ஒளியைத் திரும்பி வரவிடுங்கள். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். பந்தலில் நீலத் துணியோ பச்சை ஷீட்டோ கட்டியிருந்தால் அந்த நிறம் எல்லார் முகத்திலும் இறங்கிவிடும்.

கார்த்திகை தீபம், தீபாவளி வெடி எப்படி எடுக்கிறது?

விளக்கை முழு இருட்டில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்து வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்த இருபது நிமிடத்தில் எடுங்கள். விளக்கும் தெரியும், வாசலும் தெரியும், கோலமும் தெரியும். வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் தீபத்தின் பொன்னிறத்தைக் கழுவிவிடும். வெயில் படம் போட்ட குறியில் வையுங்கள். அகல் ஏற்றும் பெண்ணின் முகம் வேண்டுமென்றால் எஃப்/1.8, ஐஎஸ்ஓ 1600, ஃப்ளாஷ் கூடவே கூடாது. விளக்கை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னால் போதும், தலைமுடியையும் சேலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாணவேடிக்கைக்கு ட்ரைபாட் வேண்டும், இல்லாவிட்டால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8 அல்லது 11, ஷட்டர் 2 முதல் 4 நொடி. ஃபோகஸைத் தூரத்து விளக்கு ஒன்றில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ராக்கெட் மேலே கிளம்பும்போதே அழுத்த வேண்டும், வெடித்த பிறகு அழுத்தினால் புகைதான் கிடைக்கும்.

வெளியூர் போனா எந்த நேரத்தில் எடுக்கணும்?

காலை எட்டரைக்குள், மாலை நாலரைக்குப் பின். நடுப்பகல் வெயில் கண்ணுக்குழியில் நிழலைக் கொட்டும். அப்போது ஆளை மரத்தடிக்கோ தாழ்வாரத்துக்கோ கூட்டிவந்துவிடுங்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் சூரியன் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலையில் போனால் சாய்ந்த வெயில் ஒவ்வொரு செதுக்கலையும் எழுப்பிக் காட்டும். மாலையில் பாறையே நிழலுக்குள் போய்விடும். கடற்கரைக் கோயிலுக்கும் காலைதான். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி தேவை. கோயில்களில் 2022 டிசம்பரில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு செல்போனுக்குத் தடை. கேமராவுக்கு ஒவ்வொரு கோயிலிலும் ஒவ்வொரு விதி, வாசலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

எல்லாம் செய்தும் படம் சாதாரணமாவே இருக்கே?

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. தூரமாக நிற்கிறீர்கள்: இன்னும் இரண்டு எட்டு முன்னால் போங்கள். நின்ற உயரத்திலிருந்தே எடுக்கிறீர்கள்: குழந்தையென்றால் தரையில் உட்காருங்கள், முட்டி அழுக்காகட்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை: தலையிலிருந்து முளைத்த கரண்டுக் கம்பம், காதோரம் தொங்கும் சுவிட்ச் போர்டு. அழுத்துவதற்கு முன் வ்யூஃபைண்டரின் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) நாலு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவாருங்கள். பாதி வெட்டிய கை, மூலையில் எட்டிப்பார்க்கும் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அப்போது தெரியும்.

போஸ் கொடுக்கச் சொல்லி முடித்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். "முடிஞ்சுதா?" என்று கேட்டு ஆச்சி சிரிக்கும் அந்த நொடியில்தான் படம் இருக்கிறது.

ராவா, ஜேபெக்கா?

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்தப் பிடிக்குமென்றால் ரா (சென்சார் பதிவுசெய்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் கோப்பு). பிடிக்காதென்றால் ஜேபெக் (கேமராவே திருத்திச் சுருக்கிக் கொடுக்கும் படம்), பெரிய அளவில் வைத்து எடுங்கள். குழப்பிக்கொள்ள எதுவுமில்லை. அனுப்பும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

பழைய டிஜிட்டல் கேமராக்களை இப்போ பசங்க தேடி வாங்குறாங்களே, வாங்கலாமா?

வீட்டு அலமாரியில் கிடந்தால் எடுத்துச் சார்ஜ் போடுங்கள், ஜாலியாக இருக்கும். நேராக அடிக்கும் ஃப்ளாஷும் கொஞ்சம் அடர்த்தியான நிறமும்தான் அந்தப் படங்களின் 'லுக்'. ஆனால் அந்த மோகத்தால் ஏறியிருக்கும் விலையைக் கொடுத்து வாங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. சட்டைப்பைக்குள் போகிற கேமராதான் வேண்டுமென்றால் சோனி ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடலை (2012) செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். ஒரு இஞ்ச் சென்சார் என்று அழைக்கப்படும் 13.2 × 8.8 மி.மீ. சென்சார் அதில் இருக்கிறது.

ஃபங்கஸ் வராமல் எப்படி வைப்பது?

தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டுவதுதான் ஃபங்கஸுக்கு நீங்கள் வைக்கும் விருந்து. கடலோர ஊர்க்காரர்களும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் இதில் தனிக் கவனம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல் மணிகள். நீல மணி ரோஸ் நிறமானால் (ஆரஞ்சு வகையென்றால் பச்சையானால்) ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம், அந்த வாணலியை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள். சின்ன ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத்தூசி உள்ளே போகும். வாரத்தில் ஒருநாளாவது எடுத்துப் படம் பிடியுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் கோக்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

மெமரி கார்டு, பேக்கப்?

தெரிந்த கம்பெனியின் 32 ஜிபி கார்டு இரண்டு. 128 ஜிபி ஒன்று வாங்கி அது ஒருநாள் இறந்துபோவதைவிட இது மேல். போலிக் கார்டுகள் ஏராளம். வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் முழுக் கொள்ளளவுக்கும் எதையாவது காப்பி செய்து, திரும்ப எடுத்து, எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். போலியென்றால் பாதிக்கு மேல் கோப்பு கெட்டிருக்கும். படங்களை லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். காப்பி ஆனதும் கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்காமல், ஹார்ட் டிஸ்க்கில் நாலைந்து படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.